துவக்குக் கிருபா

கிருபானந்தனுக்கு ஆறு மணி என்றால் ஆறு மணிதான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் பட்ட பதினேழு வருடப் பாட்டுக்கும் இதுதான் காரணம்.

எங்கள் சனத்துக்கு ஆறு மணி என்பது ஏழரை. அழைப்பிதழில் ஆறு மணி என்று அச்சடித்தவரே ஆறரைக்குத்தான் குளிக்கப் போவார். கல்யாணம், அரங்கேற்றம், அஞ்சலிக் கூட்டம், எதுவானாலும் இதே கதைதான். மொன்றியலுக்கு வந்து எத்தனையோ பழக்கங்களை மாற்றிக்கொண்டோம், இதை மட்டும் யாரும் தொடவில்லை. கிருபா ஒருவன்தான் ஐந்தரைக்கே வந்து, கதிரைகளை வரிசையாகப் போட்டு, மைக்கைத் தட்டிப் பார்த்து, பின்சுவரோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ஆறு மணி ஆனதும், மண்டபத்தில் நாலு பேர்தான் இருந்தாலும் சரி, "துவக்கு!" என்று ஒரு சத்தம் போடுவான்.

துவக்கு என்றால் தொடங்கு. ஆனால் யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்கும் துவக்கு என்றுதான் பெயர். ஒருநாள் பார்க் எக்ஸ்டென்ஷனில் நிலக்கீழ் மண்டபம் ஒன்றில் கூட்டம். இவன் போட்ட சத்தத்தில் முன்வரிசையில் கண்ணயர்ந்திருந்த ஒரு பெரியவர் பதறி எழும்பிவிட்டார். மைக் என் கையில் இருந்தது. "பயப்பிடாதேங்கோ ஐயா, உவன் எங்கட துவக்குக் கிருபா" என்றேன். மண்டபமே சிரித்தது. அன்று முதல் அதுவே அவன் பெயராகிவிட்டது. வைத்தவன் நான், தேவதாசன். பள்ளிக்கூடத்தில் வாத்திமாருக்கே பட்டம் வைத்து அடி வாங்கியவன். அந்த அடியும் போதவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கிருபா 2004இல் இங்கே வந்தவன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறான். இருபது வருடத்தில் ஒரேயொரு நாள்தான் வேலைக்குப் போகாமல் விட்டான். அன்று பனிப்புயல், பஸ்ஸே ஓடவில்லை. இவன் ஒரு மணித்தியாலம் பனிக்குள் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முதலாளிக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டான். முதலாளியும் அன்று வேலைக்குப் போயிருக்கவில்லை.

நான் சொன்ன கூட்டங்கள் 2007, 2008இல் நடந்தவை. ஊரில் போர் முற்றிக்கொண்டிருந்தது. இங்கே நாங்கள் ஒரு மன்றம் வைத்திருந்தோம். புலிகள் இயக்கத்துக்கு இந்த நாட்டில் தடை, மன்றத்துக்குத் தடையில்லை. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போகிறது என்று எங்களுக்கும் சரியாகத் தெரியாது, எங்களைக் கண்காணித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியாது. மேடையில் ஏறி நெருப்பாகப் பேச நாலைந்து பேர் இருந்தார்கள். கிருபா ஒருநாளும் பேசியதில்லை. கதிரை, மைக், பஸ் இவைதான் அவன் இலாகா.

கண்காணிக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ரெலிபோனில் ஏதாவது சத்தம் கேட்டால், "ஆக்கள் வந்திட்டினம், வணக்கம் சொல்லுங்கோ" என்று பகிடி விடுவோம். மண்டபத்துக்கு எதிரே ஒரு சாம்பல் நிற வான் நிற்கும். எங்களையும் ஒரு பொருட்டாக மதித்து அரசாங்கம் வான் விட்டிருக்கிறது என்று சிலருக்கு உள்ளூரப் பெருமை. ஒட்டாவா ஊர்வலத்துக்குப் போகிற காலையில், பஸ் வந்து நிற்க வேண்டிய இடத்தில் அந்த வான் நின்றது. கிருபா நேரே போய்க் கண்ணாடியில் தட்டினான். "போன்ஜூர், ஏழு மணி, பஸ், இந்த இடம், மெர்சி" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் அங்கேயே செலவழித்தான். வான் நகர்ந்தது. பஸ்ஸும் ஏழு மணிக்கே புறப்பட்டது. பாதிச் சனம் ஏழரைக்கு வந்து எங்களைத் திட்டியது வேறு கதை.

2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்தது. மன்றமும் ஓய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் அவரவர் பிழைப்பைப் பார்த்தோம்.

எனக்கு நிரந்தர வதிவிடம் மூன்று வருடத்தில் கிடைத்தது, பிறகு குடியுரிமை. கிருபாவை 2006இல் அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். 2007இல் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தான். அதோடு சரி. வருடா வருடம் வேலை அனுமதியைப் புதுப்பிப்பான், அது பிந்தினால் மருத்துவ அட்டையும் செத்துவிடும். விசாரித்தால் "பாதுகாப்புச் சோதனை நடைபெறுகிறது" என்று ஒரே பதில். தகப்பன் செத்தபோது ஊருக்குப் போக முடியவில்லை. போனால் திரும்பி வர வழியில்லை. மனைவி சிவாஜினிக்குக் குடியுரிமை இருந்தது, கார்டெரியில் பிள்ளைகளைப் பராமரிக்கும் வேலை. மகள் தனுஷா இங்கேயே பிறந்தவள். அந்த வீட்டில் மூன்று பேர், அதில் ஒருவன் மட்டும் பதினேழு வருடமாக விருந்தாளி.

2024 பெப்ரவரியில் கடிதம் வந்தது. ஒரு ஞாயிறு காலை சிவாஜினி போன் எடுத்து, "தாசண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றாள். குரல் சரியில்லை. நான் போனபோது மூன்று பேரும் சமையலறை மேசையில் இருந்தார்கள். நடுவில் மூன்று பக்கம். பாதி வரிகளுக்கு மேல் கறுப்பு மை பூசியிருந்தது. இந்த நாட்டில் தடை செய்யப்பட்ட ஓர் அமைப்பில் கிருபா உறுப்பினராக இருந்தவர் என்று நம்பக் காரணம் உண்டு, நேர்முகத்துக்கு வந்து விளக்கம் தர வேண்டும், விளக்கம் திருப்தி தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், வெளியேற்றும் நடவடிக்கையும் எடுக்கப்படலாம் என்று எழுதியிருந்தது.

கறுப்பு மைக்குத் தப்பிய இரண்டு இடங்களைத் தனுஷா பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொன்னாள். முதலாவது: 'இவர் துவக்கு என்ற மறுபெயரால் அறியப்படுபவர். அதன் பொருள் துப்பாக்கி.' இரண்டாவது: '2008 நவம்பர் பதினாலாம் திகதி தொலைபேசியில் இவர் கூறியது: ஆறு மணிக்குத் துப்பாக்கி. பையன்கள் வருவார்கள். தாமதிக்காதே.'

"அப்பா," என்றாள் தனுஷா, "நீங்க கன் வச்சிருந்தனீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவாஜினியின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டேன்.

கிருபா அன்று போனில் என்ன சொல்லியிருப்பான் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். "ஆறு மணிக்குத் துவக்கு. பொடியள் வருவினம். பிந்தாதை." ஊரில் போராளிகளைப் பொடியள் என்போம், உண்மைதான். பக்கத்து வீட்டுப் பையனும் பொடியன்தான். அன்று வரவிருந்தவர்கள் கதிரை தூக்கிப் போட வரவிருந்தவர்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அரசாங்கத்தின் மேல் அல்ல. ஒரு வெள்ளைக்காரனுக்கு இந்தச் சொல் எப்படித் தெரியும்? இந்தியாவில் இருந்து வந்தவர்களுக்குத் துவக்கு என்றால் தொடங்குவது மட்டும்தான், துப்பாக்கி என்று சொன்னால் நம்பவே மாட்டார்கள். அப்படியானால் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இதைக் கேட்டு எழுதியது எங்கள் ஊர் ஆள்தான். எங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவராகக்கூட இருக்கலாம். போர் நடந்த ஊரில் பிறந்தவருக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் துப்பாக்கிதான் ஞாபகம் வரும். இப்படி ஒரு பிழையை விட எங்கள் ஆட்களால் மட்டும்தான் முடியும். கால் மணி நேரம் அந்த முகம் தெரியாத மனுசரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பட்டம் வைத்தது நான் என்று கிருபா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் சொல்லாததுதான் எனக்குச் சுட்டது.

இரண்டு நாள் கழித்து வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். இளம் பெண், கெட்டிக்காரி என்று சொன்னான். "பேர் வைச்ச ஆள் வந்து, அது பகிடிக்கு வைச்ச பேர் எண்டு சொன்னால் நல்ல உதவியா இருக்குமாம்."

"அப்ப நான் வாறன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. அடுத்த நிமிடமே என் மகன் பிருந்தனின் ஞாபகம் வந்தது. அவனுக்கு விமான நிலையத்தில் வேலை சரிவந்திருந்தது. பாதுகாப்பு அனுமதி மட்டும் வர வேண்டும். தகப்பனும் அந்த மன்றத்து ஆள்தான் என்று ஒரு கோப்பில் ஏறினால் என்ன ஆகும்?

கிருபா என் முகத்தைப் பார்த்தான். "நீ வராதை மச்சான். பிருந்தன்ரை அலுவல் முடியட்டும். நான் சமாளிப்பன்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. "சரி, உனக்குத் தேவையெண்டால் சொல்லு" என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த இடி நேர்முகத்துக்கு ஒரு கிழமைக்கு முன் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் சென்னைப் பிள்ளையாம், பெயர் மாதுரி, அங்கே பிரெஞ்சு படித்துவிட்டு இங்கே வந்தவளாம். நான் குதித்தேன். "எங்கட தமிழ் அவளுக்கு விளங்குமே? 'பிறகு' எண்டதை 'பேந்து' எண்டால் முழிக்கிற ஆக்கள். ஆளை மாத்தச் சொல்லு!" வக்கீலிடம் கேட்டான். மாற்றலாம், ஆனால் இன்னும் எட்டு மாதம் தள்ளிப்போகும் என்று பதில். பதினேழு வருடம் பொறுத்தவனுக்கு எட்டு மாதம் பொறுக்க முடியவில்லை. "வாறது வரட்டும்" என்றான்.

நேர்முகம் ஒன்பது மணிக்கு. என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். ஏழரைக்கே வாசலில் நின்றோம். அவன் உள்ளே போக, நான் எதிரே ஒரு கோப்பிக் கடையில் இருந்து ஒரே கோப்பியை மூன்று மணித்தியாலம் குடித்தேன். உள்ளே நடந்ததை அவன் பிறகு காருக்குள் சொன்னான். வக்கீலும் அதையேதான் சிவாஜினிக்குச் சொன்னாராம்.

அதிகாரி வந்தது ஒன்பது நாற்பதுக்கு. கிருபாவுக்குப் பயம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எதிரே இருப்பவர் தன் தலைவிதியைத் தீர்மானிக்கப் போகிறவர் என்று தெரிந்தும், நாற்பது நிமிடம் பிந்தியதை அவனால் மன்னிக்க முடியவில்லை. வந்தவர் கணினியை நோண்டுகிறார், வயரைத் தேடுகிறார், காகிதங்களைப் புரட்டுகிறார். பத்து மணியாகப் போகிறது. இவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"சரி, துவக்குங்கோவன்" என்றான்.

மாதுரி உடனே பிரெஞ்சில், 'தயவுசெய்து தொடங்குங்கள் என்கிறார்' என்றாள். அதிகாரி மன்னிப்புக் கேட்டார். பிறகு 2008ஆம் ஆண்டு ஒலிப்பதிவைப் போட்டார். கிருபாவின் பழைய குரல் அறைக்குள் கேட்டது. 'ஆறு மணிக்குத் துவக்கு. பொடியள் வருவினம். பிந்தாதை.'

மாதுரி தயங்கவே இல்லை. 'ஆறு மணிக்குத் தொடங்கு. பையன்கள் வருவார்கள். தாமதிக்காதே.'

அதிகாரி கோப்பைப் பார்த்தார். துப்பாக்கி என்றல்லவா இங்கே இருக்கிறது என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சற்று முன்னால் இவர் உங்களைப் பார்த்துச் சொன்னதும் இதே சொல்தான், இதில் துப்பாக்கி எங்கே வந்தது என்று திருப்பிக் கேட்டாள். பிறகு கிருபாவிடம் திரும்பினாள். "சார், துவக்குன்னா ஆரம்பிக்கிறதுதானே?"

இந்த இடத்தில் நானாக இருந்தால் "ஓம்" என்று தலையை ஆட்டிவிட்டுக் கும்பிடு போட்டிருப்பேன். எங்கள் தமிழ் தெரியாதவள் என்று நான் திட்டிய பிள்ளை, தெரியாததால்தானே அவனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள்! ஆனால் கிருபா கிருபாதான்.

"ஓம் தங்கச்சி. ஆனால் எங்கட ஊரிலை துப்பாக்கியையும் துவக்கு எண்டுதான் சொல்லுறது."

"அப்படியா? எனக்குத் தெரியவே தெரியாதே!" என்றாள் அவள். வேலை வேலைதான், அதையும் அப்படியே மொழிபெயர்த்தாள். வக்கீல் பேனையை மேசையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம்.

"அப்படியானால் இது எது என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று அதிகாரி கேட்டார்.

"மிச்சத்தையும் போடுங்கோ" என்றான் கிருபா. அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு ஞாபகமே இல்லை. தன்னைத் தனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

போட்டார். பதினொரு நிமிடம் ஓடியது, அவ்வளவும் கிருபாவின் புலம்பல்தான். போன கிழமை ஏழரைக்குத்தான் துவக்கினது, வெட்கமில்லையோ. எண்பது கதிரையையும் நான் ஒருத்தனே அடுக்கினது, இந்த முறை பொடியள் அஞ்சரைக்கு வராட்டில் நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டை போயிடுவன். மன்றத் தலைவர் எண்டால் பிந்தி வரலாம் எண்டு எந்தச் சட்டத்திலை இருக்கு. வெள்ளைக்காரனைப் பார், பஸ் எட்டு பன்னிரண்டு எண்டால் எட்டு பன்னிரண்டுக்கு வருது. மாதுரி ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தாள். ஐந்தாவது நிமிடத்தில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுமுனையில் இருந்தவர் மூன்று தடவை 'சரி அண்ணை, வைக்கட்டே' என்று கெஞ்சியும் இவன் விடவில்லை. ஏழாவது நிமிடத்தில் அதிகாரி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ குற்றம் செய்தவர்போல அதைச் சட்டைக் கைக்குள் தள்ளினாராம்.

பதினாறு வருடமாக அரசாங்கம் ஒரு சொல்லும் சிதறாமல் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. முழுவதையும் கேட்க ஒருவருக்கும் பொழுதில்லை.

"பேந்து?" என்று கேட்டேன்.

"பேந்து சும்மா ரெண்டு மூண்டு கேள்வி. முடிஞ்சுது" என்றான். காரில் திரும்பி வரும்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, மார்ச் மாதக் குளிரில், வழி முழுவதும் சிரித்துக்கொண்டே வந்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். பிழைத்துக்கொண்டான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனாலும் காகிதம் வர ஆவணி மாதமாகிவிட்டது. அதற்குள் பிருந்தனின் அனுமதி வந்து, அவன் வேலைக்கும் போகத் தொடங்கியிருந்தான். கிருபாவின் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சிவாஜினி போனில் அழுதுகொண்டே சொன்னாள், நான் சாமான் வாங்கப் போன கடையில் நின்று அழுதேன். ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. ஆட்டுக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், கிருபாவுக்கும் சிவாஜினிக்கும் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. தையில் ஊருக்குப் போகலாம் என்று சிவாஜினி சொல்ல, மாசிதான் ரிக்கெற் மலிவு என்று கிருபா சொல்ல, அந்தச் சண்டையைக் கேட்கவே எனக்கு இனித்தது.

வக்கீல் அதிகாரியின் குறிப்பையும் கேட்டு எடுத்து அனுப்பியிருந்தார். தனுஷா சாப்பிட்டபடியே அதை ஒரு கையில் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். கதிரைகளைப் பற்றி எழுதிய இடத்தில் நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அடுத்த பக்கத்தில் அவள் நிறுத்தினாள்.

"இது என்னப்பா? 'இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று நான்கு தடவை கேட்டேன். சொல்ல மறுத்தார். மறுப்பது விண்ணப்பத்தைப் பாதிக்கலாம் என்று எச்சரித்தேன். அது ஒரு நண்பர், அவருக்கு ஒரு மகன் இருக்கிறான், அவன் வேலைக்குக் காத்திருக்கிறான், அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்றார்.'"

கிருபா சோற்றைப் பிசைந்தான். சிவாஜினி எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அவள் முதுகைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது. காரில் அவன் சொன்ன அந்த 'ரெண்டு மூண்டு கேள்வி' இதுதான். பதினேழு வருடக் காத்திருப்பை ஒரு பெயரைச் சொல்லி முடித்திருக்கலாம். அந்தப் பெயர் எதிரே கோப்பிக் கடையில்தான் இருந்தது.

தனுஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பாங்க அப்பா! அந்த ஆள் ஏன் வந்து சொல்லேல்லை?"

"அந்த ஆளுக்கு உது ஒண்டும் தெரியாது பிள்ளை" என்றான் கிருபா. "நீ சாப்பிடு."

அவன் இன்னொரு தடவையும் என்னைக் காப்பாற்றிவிட்டான். நானும் பேசாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

"தெரியும் பிள்ளை" என்றேன். "அந்தப் பேரை வைச்சது நான்தான். நான் வந்து சொன்னால் அப்பாவுக்கு உதவியா இருக்கும் எண்டும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வராமல் விட்டனான்."